மாளிகைகள் வராத மேடு

இலண்டன் மாநகரின் வடபுறத்தில், ஹாம்ஸ்டெட் மேட்டின் கிழக்குச் சரிவில், ஒரு குளத்தின் மீது செங்கல் பாலம் ஒன்று நிற்கிறது. வளைவுகள் கொண்ட உறுதியான பாலம். சீமான்களின் குதிரை வண்டிகள் செல்லவெனக் கட்டப்பட்டது. ஆனால் பாலத்திற்கு இக்கரையிலும் வீதி இல்லை, அக்கரையிலும் வீதி இல்லை. இருபுறமும் மரங்களும் புல்வெளியும் மட்டுமே. புதிதாக வருகிறவர்கள் இதைப் பூங்காவுக்கு அழகூட்டும் பொருட்டு எவரோ கட்டியதென்று எண்ணிக் கடந்து போவர். உண்மையில் அது அழகுக்காகக் கட்டப்பட்டதன்று. 28 மாளிகைகளுக்குச் செல்லும் சாலையின் முதல் துண்டு அது. பாலம் எழும்பியது, மாளிகைகள் வரவில்லை. வராமற் போனதன் கதையே ஹாம்ஸ்டெட்டின் கதை.

இன்று இலண்டனில் செல்வம் மிகுந்த புறநகர்களை எண்ணத் தொடங்கினால் ஹாம்ஸ்டெட் முதல் வரிசையில் வரும். அங்கே ஒரு வீடு வாங்குதல் சாதாரணச் சம்பளக்காரருக்குக் கனவிலும் கூடாத செயல். அந்தச் செல்வத்தின் நடுவே, ஏறத்தாழ 800 ஏக்கர் பரப்பில், காடும் புல்வெளியும் குளங்களுமாய் ஒரு பெருவெளி எவருக்கும் கட்டணமின்றித் திறந்து கிடக்கிறது. ‘ஹாம்ஸ்டெட் ஹீத்’ என்பது அதன் பெயர். ‘ஹீத்’ என்ற சொல்லைப் பூங்கா என்று பெயர்த்தால் பிழையாகும். மணற்பாங்கான, உழவுக்கு உதவாத, மஞ்சள் பூப்பூக்கும் முட்புதர்கள் மண்டிய மேட்டு நிலம் அது, புதர்வெளி எனலாம். நம் ஊர் வழக்கில் அதற்கு நெருங்கிய சொல் மந்தைவெளி, அல்லது புறம்போக்கு. வரிக்கணக்குக்குப் புறம்பாக விடப்பட்டு, ஊரார் அனைவரும் மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் உரிமை பெற்றிருந்த நிலத்தைக் குறித்த அந்த நல்ல சொல் இன்று வசைச் சொல்லாகிவிட்டது. பொதுநிலம் என்பதன் மதிப்பு மக்கள் மனத்தில் எவ்வளவு தாழ்ந்துவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

ஹாம்ஸ்டெட் என்னும் பெயருக்குப் பழைய ஆங்கிலத்தில் ‘மனையிடம்’ என்று பொருள். 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் எதல்ரெட் மன்னன் இதனை வெஸ்ட்மின்ஸ்டர் துறவியர் மடத்துக்குத் தானம் செய்தான். பின்னர் மடங்கள் கலைக்கப்பட்ட காலத்தில் நிலவுரிமை கைமாறி, பல குடும்பங்களைக் கடந்து, மேரியன் வில்சன் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. பண்ணை நிலவுரிமை ஒருவருக்கு. அந்நிலத்தில் மேய்க்கவும், புல்தரை வெட்டவும், மணல் அள்ளவும் பண்ணைப் பதிவேட்டில் பெயர் பெற்ற குடிகளுக்கு வழக்குரிமை. இவ்விரு உரிமைகளும் ஒரே மண்ணின் மேல் ஒன்றின்மேலொன்றாகப் படிந்து கிடந்தன. மண்ணுக்கு விலை இல்லாத வரை சிக்கல் இல்லை.

ஊர் முதலில் பெயர் பெற்றது தண்ணீரால். அங்கு ஊறிய ஊற்றுநீரில் இரும்புச்சத்து மிகுதி. அதை மருந்தென நம்பி மக்கள் அருந்தினர். 1698இல், கெயின்ஸ்பரோ பிரபு குழந்தையாயிருந்தபோது, அவர் சார்பில் அவருடைய தாய் சுசன்னா நோயல் ஊற்றைச் சுற்றிய 6 ஏக்கர் நிலத்தை ஹாம்ஸ்டெட் ஏழைகளின் நலனுக்கென்று அறக்கொடையாக எழுதி வைத்தார். ஊற்றுநீர் குடுவைகளில் அடைக்கப்பட்டு இலண்டன் நகருக்குள் விற்பனைக்குச் சென்றது. இன்றும் அங்குள்ள ஒரு தெருவுக்குக் ‘குடுவை நடை’ என்றும், மற்றொன்றுக்கு ‘ஊற்று நடை’ என்றும் பொருள்படும் பெயர்கள் உள்ளன. நடன மண்டபமும் சூதாட்டமும் கூடவே வந்தன. நாகரிகக் கூட்டம் சில ஆண்டுகள் மொய்த்துப் பின் வேறிடம் நாடிப் போயிற்று. மேட்டின் மறுபுறத்தில் ஃப்ளீட் என்னும் சிற்றாறு தோன்றுகிறது. அதன் தலைநீரை அணைகட்டித் தேக்கி, நகருக்குக் குடிநீர் விற்கும் குழுமம் ஒன்று 17ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் குளங்களை அமைத்தது. ஆறு இன்று நகருக்கடியில் சாக்கடைக் குழாய்க்குள் ஓடுகிறது. குளங்கள் மட்டும் மேலே கண் திறந்திருக்கின்றன.

இந்த ஊருக்குத்தான் 1817இல் ஜான் கீட்ஸ் தம் தம்பியருடன் வந்து சேர்ந்தார். குதிரை லாயம் நடத்தியவரின் மகன். மருந்தாளராகத் தேறி, அத்தொழிலை விட்டுக் கவிதையை நம்பியவர். குடியிருந்தது ஊற்று நடையில், ஒரு தபால்காரரின் வீட்டு மாடியில். அந்த வீட்டுப் பிள்ளைகளின் கூச்சல் அவருக்குத் தொல்லையாயிருந்தது. தம்பி டாம் காசநோயால் அங்கேயே படுத்து, 1818 டிசம்பர் 1ஆம் நாள் இறந்தார். பின் நண்பர் சார்லஸ் பிரவுன் அழைக்க, புதர்வெளியின் தென்கோடியில் இருந்த வென்ட்வொர்த் பிளேஸ் என்ற வீட்டின் ஒரு பாதியில் கீட்ஸ் குடிபுகுந்தார். அடுத்த பாதியில் பின்னர் குடிவந்த ஃபேனி பிரான் மீது கொண்ட காதல் கவியுலகம் அறிந்தது.

1819ஆம் ஆண்டின் வசந்தத்தில் வீட்டருகே இராப்பாடி ஒன்று கூடு கட்டியிருந்தது. ஒரு காலைப்பொழுது, சிற்றுண்டி மேசையிலிருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், தோட்டத்துப் பிளம் மரத்தடிப் புல்தரையில் போட்டுக் கீட்ஸ் இரண்டு மூன்று மணி நேரம் அமர்ந்திருந்தார் என்றும், திரும்பி வந்தபோது கையிலிருந்த தாள் துண்டுகளைப் புத்தகங்களுக்குப் பின்னால் செருகினார் என்றும், அவற்றை எடுத்து அடுக்கிப் பார்த்தபோது அது இராப்பாடியைப் பற்றிய பாட்டாயிருந்தது என்றும் பிரவுன் பின்னாளில் எழுதினார். பிரவுனின் நினைவு எந்த அளவு துல்லியமானது என்பதில் ஆய்வாளர்களுக்கு ஐயம் உண்டு. கவிஞர்களுக்கு அந்த ஐயம் தேவையில்லை. அதே ஏப்ரலில் மில்ஃபீல்டு சந்தில் கோலரிட்ஜைக் கீட்ஸ் சந்தித்ததும், அந்த முதுகவி நடந்துகொண்டே பல பொருள்களைப் பற்றி ஓயாது பேசியதும், அவற்றுள் இராப்பாடியும் ஒன்றென்பதும் கீட்ஸின் கடிதத்தாலேயே தெரியவருவன.

இங்கே ஒன்றைச் சுட்டியாக வேண்டும். எடின்பரோவிலிருந்து வந்த ‘பிளாக்வுட்ஸ்’ என்னும் இதழ், கீட்ஸையும் அவரை வெளிக்கொணர்ந்த லீ ஹண்ட்டையும் ‘காக்னி’க் கவிகள் என்று எள்ளியது. மருந்துக் கடைக்கே திரும்பிப் போகும்படி கீட்ஸுக்கு அறிவுரை கூறியது. அந்த ஏளனத்தின் உட்பொருள் வெறும் கவிதைக் குற்றம் அன்று. குடியிருப்பின் குற்றமும் ஆகும். மலையையும் ஏரியையும் பாடுவதற்குச் சொந்தமாய் மலையும் ஏரியும் உள்ள நாட்டுப்புறத்தில் வாழ வேண்டும். நகரத்தின் ஓரத்தில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை நடந்து பார்த்த புல்வெளியைப் பாடுவோர் இரண்டாந்தரம் என்பது அவர்கள் எண்ணம். லீ ஹண்ட் குடியிருந்த பகுதியின் பெயர் ‘நலப் பள்ளத்தாக்கு’. 1777இல் குளம் வெட்டி வடிக்கும் வரை அது சேற்று நிலம். வண்ணார் துணி வெளுத்து முட்புதர்களின் மேல் உலர்த்திய இடமும் அவ்வெளியே. அங்கே ஹண்ட்டின் சிறு வீட்டில் கீட்ஸும் ஷெல்லியும் சந்தித்தனர். இன்று ஹாம்ஸ்டெட் என்றால் உயர்குடிச் சுவை என்று பொருள். அன்று ஹாம்ஸ்டெட் என்றால் அரைகுறைச் சுவை என்று பொருள்.

ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1819இல் இங்கு முதலில் வீடு எடுத்தது மனைவி மரியாவின் நலிந்த உடலுக்கு மேட்டுக் காற்று உதவும் என்பதற்காக. 1821, 1822ஆம் ஆண்டுகளில் புதர்வெளியில் நின்று மேகங்களை மட்டுமே அவர் பல தாள்களில் தீட்டினார். பின்புறத்தில் நாள், நேரம், காற்றின் திசை ஆகியவற்றைக் குறித்து வைத்தார். மரியா 1828இல் காசநோயால் மறைந்தார். கான்ஸ்டபிளும் 1837இல் அதே ஊரின் கோயில் தோட்டத்தில் அவர் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார். காற்று நல்லதென்று வந்தவர்களையெல்லாம் காற்று காப்பாற்றிவிடவில்லை. கீட்ஸ் 1820 செப்டம்பரில் இத்தாலிக்குப் புறப்பட்டு, 1821 பிப்ரவரி 23இல், 25 வயதில், ரோமில் இறந்தார்.

அதே 1821இல்தான் இவ்வரலாற்றின் எதிர்நாயகர் அரங்கிற்கு வருகிறார். எட்டாவது பாரனட் ஆன சர் தாமஸ் மேரியன் வில்சன் தம் தந்தையின் சொத்துக்கு உரியவரானார். அவர் ஹாம்ஸ்டெட்டில் வாழவில்லை. தேம்ஸ் ஆற்றுக்குத் தெற்கே சார்ல்டன் மாளிகையில் வாழ்ந்தார். தந்தையின் உயில் அவர் கையைக் கட்டியிருந்தது. ஹாம்ஸ்டெட் நிலங்களை 21 ஆண்டுகளுக்கு மேற்பட்ட குத்தகைக்கு விட அவருக்கு அதிகாரம் இல்லை. வீடு கட்டுவோர் 99 ஆண்டுக் குத்தகை கேட்பர். 21 ஆண்டுக்கு எவரும் செங்கல் வைக்க மாட்டார். உயிலை மீறப் பாராளுமன்றத்தில் தனிச் சட்டம் வேண்டும். இப்படிப்பட்ட தனிச் சட்டங்கள் அந்நாளில் கேட்டவருக்கெல்லாம் எளிதாய்க் கிடைத்துக்கொண்டிருந்தவை. ஆகவே 1829இல் சர் தாமஸ் கேட்டபோது மறுக்கப்படும் என்று அவரே எதிர்பார்த்திருக்க மாட்டார்.

மறுக்கப்பட்டது. மசோதாவுக்குள் புதர்வெளியையும் விழுங்கும் வாசகம் இருக்கக் கண்ட ஊரார் கொதித்தனர். செய்தித்தாள்கள் எழுதின. தோட்டக்கலை அறிஞர் ஜான் கிளாடியஸ் லௌடன் இதையே தூண்டுதலாகக் கொண்டு, பெருகும் இலண்டனைச் சுற்றி வளையம் வளையமாய்த் திறந்தவெளி விட வேண்டும், அவை நகரம் மூச்சுவிடும் இடங்கள் என்று அதே ஆண்டில் ஒரு திட்டம் வரைந்தார். இன்று உலகெங்கும் நகரமைப்பாளர் பேசும் பசுமை வளையத்தின் விதைகளுள் ஒன்று இந்த மேட்டின் மேல் எழுந்த பூசலில் விழுந்தது.

சர் தாமஸ் விடாக்கண்டர். அடுத்தடுத்து மசோதாக்கள், அடுத்தடுத்துத் தோல்விகள். ஏறத்தாழ 40 ஆண்டுகள் இது நடந்தது. ஒருவருடைய சொத்துக்கு மட்டும் இவ்வளவு தடை ஏன் என்று அவர் கேட்டதில் நியாயமே இல்லையென்று சொல்ல முடியாது. பக்கத்து நிலக்கிழார்கள் எந்தத் தடையுமின்றித் தத்தம் வயல்களைத் தெருக்களாக்கிக்கொண்டிருந்தனர். அவரை எதிர்த்தவர்களில் முன்னணியில் நின்றோர் யார்? கென்வுட் மாளிகையின் மேன்ஸ்ஃபீல்டு பிரபு, புதர்வெளியைப் பார்த்தவாறு வீடு கட்டியிருந்த வங்கி உரிமையாளர், வழக்கறிஞர், செல்வ வணிகர். தம் சாளரத்து வழியே தெரிந்த பசுமை மறையும் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. இலண்டன் ஏழைகளின் நுரையீரல் பற்றி மேடையில் பேசியவர்களுள் தம் வீட்டு விலை பற்றி மனத்துள் எண்ணாதவர் எத்தனை பேர் என்பது வரலாற்றுக்கு விடைகாண இயலாத கேள்வி. ஆனால் ஏழைகளும் உண்மையில் வந்துகொண்டிருந்தனர். 1801இல் ஏறத்தாழ 10 இலட்சமாயிருந்த இலண்டன் மக்கள்தொகை 1871இல் 32 இலட்சத்தைத் தாண்டியது. ஞாயிறுதோறும் புகையும் நெரிசலும் மிக்க தெருக்களிலிருந்து கழுதைச் சவாரிக்கும் காற்றுக்கும் மேட்டை நோக்கிக் குடும்பம் குடும்பமாய் நடந்தனர். 1850களில் சோஹோவின் நெருக்கடியான அறைகளில் வறுமையில் உழன்ற கார்ல் மார்க்ஸின் குடும்பம் உணவுக்கூடையுடன் இங்கு வந்ததையும், மார்க்ஸ் கழுதை மேல் ஏறியதையும் அவருடைய நண்பர் லீப்னெக்ட் எழுதி வைத்திருக்கிறார்.

சட்டம் கிடைக்காத சினத்தில், 1844 முதல் தமக்கு மறுக்க முடியாத உரிமையுள்ள கிழக்குப் பகுதியில் சர் தாமஸ் சாலை போடவும் மரம் நடவும் தொடங்கினார். தொடக்கத்தில் சொன்ன பாலம் அப்போது எழுந்ததே. சதுப்பு மண் அடித்தளத்தை விழுங்கிக்கொண்டேயிருந்ததால் அதைக் கட்டி முடிக்க ஆண்டுகள் பிடித்தன. 1860களில் மணலை விற்றார். இரயில்வே குழுமத்துக்கு வண்டி வண்டியாய் மணல் போயிற்று. ஸ்பானியர்ட்ஸ் சாலை இன்று இருபுறமும் பள்ளத்தாக்குகளுக்கு நடுவே கரைபோல் உயர்ந்து செல்லும் காட்சியைக் காண்கிறவர்கள் அதை இயற்கையின் அமைப்பென்று எண்ணுவர். மண்வெட்டியின் அமைப்பு அது.

1865இல் பொதுநிலப் பாதுகாப்புக் கழகம் தோன்றியது. அதன் முன்னோடி ஜார்ஜ் ஷா லெஃபெவர். அதுவரை மன்றாட்டாக இருந்தது அதன்பின் வழக்காயிற்று. பொதுமக்களுக்கு அந்நிலத்தில் உலாவும் உரிமை உண்டா என்று நீதிமன்றத்தில் கேட்டால் இல்லையென்றே விடை வரும். ஆங்கிலச் சட்டம் ‘பொதுமக்கள்’ என்ற ஆளை அறியாது. ஆனால் பண்ணைக் குடிகளின் மேய்ச்சல் உரிமையையும் புல்தரை உரிமையையும் அது நன்கறியும். ஆகவே 1866இல் பாதுகாப்பு நிதிக் குழு ஒன்று அமைத்து, வங்கி உரிமையாளர் ஜான் கர்னி ஹோர் பெயரில், குடிகளின் பழைய வழக்குரிமையை முன்னிறுத்தி வழக்குத் தொடுத்தனர். மாடே வைத்திராத வங்கியாளர், மாடு மேய்க்கும் உரிமையைக் கேட்டு நீதிமன்றம் ஏறினார். இதில் சிரிப்புக்கு இடமுண்டு. எனினும் நூற்றாண்டுகளாகப் பெயரில்லாத இடையரும் விறகு பொறுக்கியவரும் காலால் நடந்து ஈட்டி வைத்த உரிமை ஒன்றே, நிலக்கிழாரின் பத்திரத்தை எதிர்த்து நிற்கும் வலிமையுடையதாயிருந்தது என்பதையும் காண வேண்டும்.

தீர்ப்பு வருமுன், 1869இல், மணமாகாமலே சர் தாமஸ் காலமானார். பட்டத்துக்கு வந்த தம்பி சர் ஜானுக்குப் பூசலில் விருப்பமில்லை. 45,000 பவுனுக்கும் வழக்குச் செலவு 2,000 பவுனுக்கும் உரிமையை விட்டுக்கொடுத்தார். 1871ஆம் ஆண்டின் ஹாம்ஸ்டெட் ஹீத் சட்டப்படி, ஏறத்தாழ 220 ஏக்கர் மாநகரப் பணிவாரியத்தின் கைக்கு வந்தது. அந்த நிலத்தை எக்காலத்தும் கட்டடமின்றித் திறந்து வைக்க வேண்டும், இயன்றவரை அதன் இயற்கைத் தோற்றத்தைப் பேண வேண்டும் என்று சட்டம் கட்டளையிட்டது. மலர்ப் பாத்திகளும் இரும்பு வேலிகளுமாய்ப் பூங்கா அமைப்பதே அழகென்று கருதப்பட்ட காலத்தில், புதரைப் புதராகவே விட வேண்டுமென்று ஒரு சட்டம் சொன்னது வியப்புக்குரியது. சொல்லியும், பணிவாரியம் பின்னர் ஒழுங்குபடுத்த முனைந்தபோதெல்லாம் ஊரார் சண்டையிட நேர்ந்தது. 1897இல் தொடங்கிய புதர்வெளிக் காப்புச் சங்கம் இன்றும் அதையே செய்துவருகிறது.

அதே 1871இல் வங்கி விடுமுறைச் சட்டமும் வந்தது. உழைப்பாளிக்கு விடுமுறையும் வெளியும் ஒரே ஆண்டில் கிடைத்தன. 1860இலேயே இரயில் நிலையம் திறந்திருந்தது. ஈஸ்டர் திங்களன்று கிழக்கு இலண்டனே திரண்டு வந்தது. 1892ஆம் ஆண்டு ஈஸ்டர் திங்கள் மாலையில் திடீர் மழைக்கு அஞ்சிக் கூட்டம் நிலையத்துக்குள் பாய, படிக்கட்டில் நசுங்கி 8 பேர் மாண்டனர், பெரும்பாலோர் சிறுவர். காற்று வாங்க வந்தவர் மூச்சுத் திணறி இறந்த அந்த நாளை, மேட்டின் மகிழ்ச்சியைப் பாடும் நூல்கள் சுருக்கமாகவே சொல்லிச் செல்கின்றன.

பின்னர் நடந்தது துண்டு துண்டாய்ச் சேர்த்தல். பார்லிமெண்ட் மேடு 1889இல், ஏறத்தாழ 3 இலட்சம் பவுன் விலையில். சமூகத் தொண்டர் ஆக்டேவியா ஹில் இதற்கு உழைத்தோருள் ஒருவர். கோல்டர்ஸ் ஹில் தோட்டம் 1898இல். அங்கிருந்து பார்த்தால் தூய பவுல் பேராலயத்தின் கோபுரம் தெரியும் பார்லிமெண்ட் மேட்டுக் காட்சியை, நடுவில் உயர்ந்த கட்டடம் எழுந்து மறைக்கக் கூடாதென்று நகரமைப்பு விதியே காக்கிறது.

ஹென்றியேட்டா பார்னெட்டின் முயற்சி சற்று விரித்துச் சொல்லத் தக்கது. கணவர் சாமுவேல் பாதிரியாருடன் கிழக்கு இலண்டனின் ஒயிட்சேப்பல் சேரியில் பல்லாண்டு தொண்டு செய்தவர். டாயின்பி இல்லத்தை நிறுவிய இணையர் அவர்கள். ஓய்வுக்கென ஹாம்ஸ்டெட் மேட்டில் ஒரு வீடு வைத்திருந்தனர். சார்லஸ் யெர்க்ஸ் என்னும் அமெரிக்க முதலாளியின் சுரங்க இரயில் மேட்டைக் குடைந்து வருகிறது, நார்த் எண்டில் ஒரு நிலையம் எழும்பும் என்ற செய்தி கேட்டதும், நிலையம் எழுந்தால் சுற்றிலும் வீடுகள் வரிசை வரிசையாய் எழும் என்பதை உணர்ந்தார். ஈட்டன் கல்லூரிக்குச் சொந்தமான அந்த நிலத்தில் 80 ஏக்கரைப் புதர்வெளியின் நீட்சியாக வாங்கப் பணம் திரட்டினார். சுரங்க நிலையம் பாதி கட்டப்பட்டுப் பயணியரையே காணாமல் நிலத்துக்கடியில் கிடக்கிறது. அத்துடன் அவர் நிற்கவில்லை. அடுத்திருந்த 243 ஏக்கரை வாங்கி, 1907இல் ‘ஹாம்ஸ்டெட் தோட்டப் புறநகர்’ என்னும் குடியிருப்பைத் தொடங்கினார். ரேமண்ட் அன்வின் வரைபடம் வகுத்தார். நடுச் சதுக்கத்துக் கோயில்களை எட்வின் லட்யன்ஸ் அமைத்தார். புது தில்லியை வகுத்த அதே லட்யன்ஸ். ஏக்கருக்கு 8 வீட்டுக்கு மேல் கூடாது. மதிலுக்குப் பதில் உயிர்வேலி. மரங்கள் அடர்ந்த அகன்ற தெருக்கள். யாவரும் உலாவத்தக்க காடுகள். எல்லாவற்றுக்கும் மேலாக, எல்லா வகுப்பினரும் எல்லா வருவாயினரும் அருகருகே வாழ வேண்டும் என்பது அம்மையாரின் நோக்கம். தொழிலாளருக்கென்று குறைந்த வாடகைக் குடில்களும் கட்டப்பட்டன.

நோக்கத்தில் அழகுப் பகுதி நிலைத்தது. சமத்துவப் பகுதி நிலைக்கவில்லை. உயிர்வேலிகளும் மரங்களும் இருக்கின்றன. குறைந்த வாடகைத் தொழிலாளி மட்டும் இல்லை. தொழிலாளிக்கென்று கட்டிய குடில்களும் செல்வர்க்கே எட்டும் பொருளாயின. வெளியைக் காத்ததே விலையை ஏற்றியது. ஏறிய விலை, யாருக்காக வெளி காக்கப்பட்டதோ அவரை ஊருக்கு வெளியே அனுப்பியது. இந்த முடிச்சை அம்மையார் முன்கூட்டி அறிந்திருக்க வழியில்லை. அறிந்த பின் வந்தவர்களும் அவிழ்க்கவில்லை. புறநகருக்கும் கென்வுட்டுக்கும் நடுவே ஓடும் பிஷப்ஸ் அவென்யூவில், கோடிக்கணக்கில் விலைபோன மாளிகைகள் பல ஆளின்றிப் பூட்டியும் சிதைந்தும் கிடந்ததை 2014இல் செய்தித்தாள்கள் எழுதின.

கென்வுட் மாளிகைக்கும் ஒரு கதை உண்டு. 1754இல் அதை வாங்கிய தலைமை நீதிபதி மேன்ஸ்ஃபீல்டு பிரபு, சாமர்செட் என்னும் அடிமையை வலுக்கட்டாயமாய் நாடு கடத்தக் கூடாதென்று 1772இல் தீர்ப்பளித்தவர். அடிமைப் பெண்ணொருத்திக்குப் பிறந்த டைடோ எலிசபெத் பெல், அவருடைய உறவினரின் மகளாய் அந்த மாளிகையிலேயே வளர்ந்தாள். தீர்ப்பெழுதிய கையின் அருகில் அவள் இருந்தாள் என்பதை வரலாற்று நூல்கள் நெடுங்காலம் மறந்திருந்தன. 1920களில் கென்வுட் தோட்டம் மனைகளாய்க் கூறுபோடப்படும் நிலை வந்தது. ஆர்தர் கிராஸ்ஃபீல்டு தலைமையிலான குழு பெரும்பகுதியை மீட்டது. மாளிகையையும் எஞ்சிய 74 ஏக்கரையும் மது ஆலைச் செல்வரான ஐவெய் பிரபு 1925இல் வாங்கினார். 1927இல் அவர் மறைந்தபோது, தம்மிடமிருந்த ஓவியங்களோடு சேர்த்து நாட்டுக்கு எழுதி வைத்திருந்தார். ரெம்பிராண்ட் முதுமையில் தீட்டிய தன்னுருவத்தை அங்கே காசின்றிக் காணலாம்.

கீட்ஸ் வீடும் அவ்வாறே. 1920இல் அதை இடித்து அடுக்கு வீடுகள் கட்டும் பேச்சு எழுந்தது. பொதுமக்கள் நன்கொடையால், அதிலும் பெரும்பங்கு அமெரிக்காவிலிருந்து வந்த பணத்தால், வீடு காக்கப்பட்டு 1925இல் நினைவகமாயிற்று. மூலப் பிளம் மரம் எப்போதோ போயிற்று. அதன் நினைவாய் வேறொரு மரம் நட்டிருக்கிறார்கள்.

1912 கோடையில் இந்த மேட்டுக்கு ஒரு வங்கக் கவிஞர் வந்தார். நலப் பள்ளத்தாக்கில் ஒரு சிறு வீட்டில் இரவீந்திரநாத் தாகூர் தங்கினார். தம் பாடல்களைத் தாமே ஆங்கிலத்தில் பெயர்த்து எழுதிய ஏட்டை ஓவியர் ரோதன்ஸ்டைனிடம் கொடுத்திருந்தார். அதே ஊரிலிருந்த ரோதன்ஸ்டைனின் வீட்டில் நண்பர்கள் கூடியிருக்க, கவிஞர் யேட்ஸ் அப்பாடல்களை உரக்கப் படித்தார். அவ்வாண்டிலேயே ‘கீதாஞ்சலி’ அச்சேறியது. 1913இல் நோபல் பரிசு. லீ ஹண்ட்டின் வீட்டில் கீட்ஸும் ஷெல்லியும் சந்தித்த அந்தச் சிறு பள்ளத்தில், ஏறத்தாழ நூறாண்டு கழித்து, கீழ்த்திசைக் கவிஞர் ஒருவர் காலையில் எழுந்து சாளரம் திறந்தபோது வீடுகளைப் பார்க்கவில்லை, புதர்வெளியைப் பார்த்தார் என்றால், அதற்கு 1829இல் மசோதாவைத் தோற்கடித்தவர்களும் ஒரு காரணம். தாகூர் தங்கிய வீட்டில் 1961 முதல் நினைவுப் பலகை உள்ளது.

1938இல் நாஜிகளிடமிருந்து தப்பி வந்த முதிய சிக்மண்ட் ஃப்ராய்டு ஹாம்ஸ்டெட்டில் வீடு புகுந்து, மறு ஆண்டு அங்கேயே இறந்தார். அக்காலத்தில் ஐரோப்பிய அகதிகள் பலருக்கு அந்த ஊரின் வாடகை அறைகள் புகலிடமாயின. அகதிக்கு அறை கிடைத்த ஹாம்ஸ்டெட் அது. அத்தகைய ஹாம்ஸ்டெட் நெடுநாள் நீடிக்கவில்லை.

குளங்களில் நீந்தும் வழக்கம் மட்டும் நீடிக்கிறது. ஆடவர்க்கென ஒரு குளம் 1893 முதலும், பெண்டிர்க்கென ஒன்று 1925 முதலும் உண்டு. குளிர்காலக் காலைப்பொழுதில் காவலர் இன்றி நீந்தும் உரிமைக்காக நீச்சல் அன்பர்கள் இலண்டன் நகராட்சிக் கழகத்தை எதிர்த்து 2005இல் உயர் நீதிமன்றம் சென்று வென்றனர். 1989 முதல் புதர்வெளி அக்கழகத்தின் பொறுப்பில் உள்ளது. 1975 ஆகஸ்ட் 14 மாலை இம்மேட்டின் மேல் மட்டும் சுமார் இரண்டரை மணி நேரத்தில் 170 மில்லிமீட்டர் மழை கொட்டியது. கீழிருந்த தெருக்கள் மூழ்கின. அத்தகைய மழைக்கும் மேலான மழை வந்தால் பழைய மண் அணைகள் உடையும் என்று கழகத்தின் பொறியாளர் கூறினர். அணையை உயர்த்துவது 1871ஆம் ஆண்டின் சட்டம் காக்கச் சொன்ன இயற்கைத் தோற்றத்தைக் கெடுக்கும் என்று காப்புச் சங்கம் வாதிட்டது. மேட்டில் உலாவுவோரின் கண்ணும், கீழே குடியிருப்போரின் உயிரும் எதிரெதிரே நின்ற வழக்கு அது. 2014இல் சங்கம் தோற்றது. 2016இல் அணைகள் உயர்ந்தன. கரைகளில் புல் முளைத்து, நாணல் படர்ந்து, வேலை நடந்த தடம் பெரிதும் மறைந்துவிட்டது.

சர் தாமஸின் குடும்பம் பின்னாளில் சார்ல்டனில் தன் நிலத்தின் ஒரு பகுதியைப் பொதுமக்களுக்குப் பூங்காவாகக் கொடையளித்தது. மேரியன் பூங்கா என்று அதற்குப் பெயர். ஹாம்ஸ்டெட்டில் அக்குடும்பத்தின் கைவேலையாய் நிற்பது குளத்தின் மேலுள்ள அந்தப் பாலம்.

ஊற்று நடையில் பழைய ஊற்றின் நினைவாய்க் கல் நீரகம் ஒன்று உண்டு. அதன் நீரை இப்போது எவரும் அருந்துவதில்லை. 1698இல் சுசன்னா நோயல் எழுதி வைத்த 6 ஏக்கரின் அறக்கட்டளையோ, வேறு கொடைகளோடு இணைந்து, இன்றும் அப்பகுதி வறியவர்க்கு உதவித்தொகை வழங்கிவருகிறது. விண்ணப்பிப்போர் குறையவில்லை.